கல்லாவுக்கு இருபுறமும்

சிதம்பரத்தில் அத்தா தொடங்கிய ஜவுளிக்கடையைச் சகோதரர்கள் நாங்கள் இருவரும் ஏற்றபோது, அவர் காலத்துக் கணக்கரையும் சேர்த்தே ஏற்றோம். அத்தாவின் வயதினர். மாமு என்றுதான் அழைப்போம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. கடலூரிலும் கிளை திறந்திருந்த எங்களுக்குக் கணினி தேவைப்பட்டது. மாமுவுக்கோ ஒரு பேரேடும் பென்சிலும் போதும். பாதிக் கடன்கள் பேரேட்டிலும் இல்லை, அவர் நினைவில் இருந்தன.

"மாமு, குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைக்கச் சொல்வதுதானே?" என்று அல்பகரா 282-ஐ எடுத்துக்காட்டினோம். மார்க்கத்தைக் காட்டி மூத்தவரின் வாயை அடைத்துவிட்ட பெருமை எங்களுக்கு. அவர் தலையசைத்தார். அவர் சொல்லச் சொல்லக் கணக்குகளைக் கணினியில் ஏற்றினோம். கெடு கடந்தவர்களின் கைப்பேசிக்கு நினைவூட்டல் தானாகவே செல்லவும் வழிசெய்தோம். இதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை.

மறு ஆண்டு மே மாதம், ரமளான் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். மகளின் திருமணத்துக்கு எங்களிடம் துணி எடுத்திருந்த பெண்மணி ஒருவர் முடசலோடையிலிருந்து வந்தார். முந்தானையில் முடிந்திருந்த இரண்டு கம்மல்களைக் கல்லாவின் மேல் வைத்தார். "மூணு தடவ மெசேஜ் வந்துடுச்சு. இத வெச்சுக்குங்க" என்றார். கடை நிறைய ஆட்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அதை அறியாதவர்கள் அல்லர் நாங்கள். அவருடைய கணவர் விசைப்படகுத் தொழிலாளி என்பதைத்தான் அறிந்திருக்கவில்லை. மாமு அறிந்திருந்தார். எழுந்து கம்மல்களை அவர் கையிலேயே கொடுத்து, "படகு போனப்புறம் பாத்துக்கலாம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பினார். எங்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் கடைக்கும் வரவில்லை.

தராவீஹ் முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றோம். தேநீர் தந்தார். "நீங்க சொன்ன வசனம் சரிதான் தம்பி. அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி பாத்தீங்களா?" என்றார்.

280. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்வது. எத்தனையோ முறை ஓதியதுதான். மன்னிப்புக் கேட்டோம். நினைவிலிருந்த கடன்களில் சில தமக்கே மறந்துபோயிற்று என்று அவரும் அன்றுதான் ஒப்புக்கொண்டார்.

இப்போது கணினியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொழிலும் பதிவாகியிருக்கிறது. அவர் சொன்னார், நாங்கள் தட்டச்சு செய்தோம். தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு நினைவூட்டல் செல்வதில்லை. மாமு பென்சிலால் தனியே ஒரு நகலும் எழுதி வைத்திருக்கிறார். 2020 நவம்பரில் நிவர் புயலால் மின்சாரம் நின்றபோது அதைத்தான் கேட்டு வாங்கினோம்.