ஆரல்வாய்மொழிக் காற்று

வெள்ளி, இரவு

டெஸ்க்டாப்பில் ஏதாவது அசைய வேண்டும் என்ற ஆசை எனக்குப் பழையது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவின் அல்டிமேட் பதிப்புக்கு ‘ட்ரீம்சீன்’ என்று ஒன்று வந்தது. வீடியோவையே வால்பேப்பராக வைக்கலாம். விண்டோஸ் 7இல் அதைத் தூக்கிவிட்டார்கள். இப்போது லைவ்லி வால்பேப்பர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அடுத்தவர் செய்து வைத்திருப்பதில் பாதி நியான் நகரம், மீதி மழை வழியும் ஜன்னல். எனக்கு வேண்டியது ஆடி மாதம் முப்பந்தலில் நான் எடுத்த காத்தாடிப் படம்.

சனி

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், நெடுஞ்சாலை ஓரம் நின்று வடகிழக்கே பார்த்து எடுத்தது. முன்னால் பெரிய காற்றாலை ஒன்று, தள்ளிப் பின்னால் பழைய குட்டி ஒன்று, வலது ஓரம் பனைகள், அடியில் வாழைத்தோட்டம். 1/1000 நொடியில் எடுத்ததால் இறக்கைகள் ஆணியடித்த மாதிரி நிற்கின்றன. அங்கே நின்றவருக்குத் தெரியும், எதுவும் சும்மா நிற்காத இடம் அது. கத்திப் பேசினால்தான் பக்கத்து ஆளுக்கே கேட்கும்.

ஜிம்ப்பில் இறக்கைகளை வெட்ட உட்கார்ந்தேன். ஒன்று மலையின் மங்கலில் கரைந்திருக்கிறது. இன்னொன்றின் நுனி பனை ஓலைக்குள் போய்விட்டது. வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நின்றது மட்டும் துல்லியம். மூன்றும் ஒரே அச்சுதானே, அதையே பிரதி எடுத்து 120 பாகை இடைவெளியில் வைத்தேன். காற்றாலையை நேர் எதிரே நின்று எடுக்கவில்லை. அதனால் சுற்றும் பாதை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தெரிய வேண்டும். தட்டையாகச் சுற்றவிட்டால் பக்கவாட்டில் வரும்போது இறக்கை நீளம் குறையாது, கண் உடனே பிடித்துவிடும். பிளெண்டரில் மூன்றையும் ஒரு தளத்தில் ஒட்டி, தளத்தையே மேற்குப் பக்கமாகத் திருப்பினேன். பனையைத் தனியாக வெட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தியதும் இறக்கை ஓலைக்குப் பின்னால் போய் வந்தது.

திசை முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கேயிருந்து கணவாய் வழியாகப் பாய்கிறது. காற்றாலை காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். காற்று வரும் பக்கத்திலிருந்து பார்த்தால் இறக்கை கடிகார முள் திசையில் சுற்றும். என் படத்தில் மேற்கு இடது கைப்பக்கம். ஆகவே மேகமும் இடமிருந்து வலமாகத்தான் போயாக வேண்டும். அழகுக்காக மறுபக்கம் ஓட்டினால், நாகர்கோவில் பஸ்ஸில் தினம் போய்வருகிற ஒருவர் பார்த்தால் போதும், மானம் போய்விடும்.

ஞாயிறு

வீடியோ எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. இறக்கைகள் ஒன்றுபோல் இருப்பதில் ஒரு வசதி: முழுச் சுற்றுகூட வேண்டாம், 120 பாகை திரும்பினாலே பழைய காட்சி வந்துவிடும். 12 நொடி என்று வைத்துக்கொண்டேன். பெரியதற்கு நிமிடத்துக்கு 15 சுற்று. 12 நொடியில் மூன்று. குட்டிகள் வேகமாகச் சுற்றுகிற ஜாதி, அதற்கு 40. 12 நொடியில் எட்டு. இரண்டும் சரியாகத் தொடங்கிய இடத்திலேயே முடிகின்றன. மேகம்தான் அடம்பிடித்தது. வான அடுக்கை இரண்டாக்கி, ஒன்று மங்க மங்க மற்றது தெளியும்படி விட்டேன்.

ஜிஃப்பாகப் போட்டால் எங்கும் ஓடும் என்றார் நண்பர். ஜிஃப்பில் ஒரு சட்டத்துக்கு 256 நிறம்தான். ஆடி வானத்தின் சாம்பல் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். எம்பி4தான்.

“மாமா, காத்தாடி இந்தச் சுத்து சுத்துது, பனை ஏன் சும்மா நிக்குது?” என்றான் அக்கா மகன். அம்மியைப் பறக்கவைக்கிற மாதத்தில் ஓலை அசையாமல் இருக்குமா? ஓலை நுனிகளை மட்டும் லேசாக வளைத்து ஆடவிட்டேன். வாழையைத் தொடவில்லை. அது எப்படியும் டாஸ்க்பாருக்குப் பின்னால் போகப்போகிறது.

திங்கள்

ஐகான்களை எல்லாம் இடது ஓரத்துக்குத் தள்ளினேன். எக்செல்லை முழுத்திரையில் திறந்தால் வீடியோ தானாக நின்றுகொள்கிறது. பேட்டரியில் ஓடும்போதும் நிற்கும்படி அமைத்துவிட்டேன். ஆக, வேலை பார்க்காதபோதுதான் காற்றடிக்கிறது.

புதன்

அடுத்து குற்றாலம் மெயின் அருவி என்கிறான் மருமகன். தண்ணீரை ஓடவிடுவது காத்தாடியைவிடச் சுலபம். சிக்கல் அடியில் நிற்கிற கூட்டம். அருவி கொட்டிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேல் கை தூக்கிய ஆள் கையை இறக்கவே மாட்டார். ஆட்களை வெட்டிவிடலாம்தான், ஆனால் சீசனில் ஆளில்லாத மெயின் அருவியை யார் பார்த்தது? அந்தப் படம் ஆல்பத்திலேயே இருக்கட்டும். பாம்பன் பாலத்தில் ரயில் போகும் படம் ஏதாவது கிடக்கிறதா என்று அவனையே தேடச் சொல்லியிருக்கிறேன். ரயில் வருவதற்கு முன்னும் போன பின்னும் பாலம் காலிதான்; ஒட்டுப்போடும் வேலை மிச்சம்.