இரண்டாம் இலக்கச் சேமிப்பு

எமது இல்லத்துக் கூடத்திலே, மேல்தட்டொன்றில், ஒரு படமெறி கருவி இருக்கின்றது. புரொஜெக்டர் என்று பிள்ளைகள் சொல்வது அதனைத்தான். மாலையில் யன்னல்களைச் சாத்திவிட்டு அதனை இயக்கினால், எதிர்ச்சுவரில் ஏழடி அகலத்துக்குப் படம் விரியும். அது வந்த பின்னர், மூலைக்கொருவராய்ப் பிரிந்திருந்த குடும்பம் மீண்டும் ஓரிடத்தில் கூடியது.

ஆயினும், ஒரே படம் எல்லார் கண்ணுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. இருண்ட அறைக்குச் சிறிய ஒளி போதும். பகலிலே கூடிய ஒளி வேண்டும். ஆதலின் ஒளியளவு, ஒளிமாறுபாடு, நிறச்செறிவு, நிறவெப்பநிலை என்பனவற்றை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் கருவியில் இடமுண்டு. நிறவெப்பநிலை பற்றி மாணவர்க்கு ஒரு சொல். இரும்பைக் காய்ச்சும்போது அது முதலிற் சிவந்து, பின் மஞ்சளாகி, மேலும் சூடேற வெண்மையை நாடுகின்றது. இதனை அடியொற்றியே ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் வெப்ப அளவால் குறிப்பர். எண் குறைந்தால் படம் மஞ்சட்சாயல் கொள்ளும். கூடினால் நீலச்சாயல் கொள்ளும். தொலைக்காட்சிப் படங்களில் வெண்மைக்கு அளவாகக் கொள்ளப்படுவது ஏறத்தாழ 6500 கெல்வின்.

ஒருமுறை திருத்திய அளவுகளை இலக்கமிட்டுச் சேமித்து வைத்தால், பின்னர் றிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி அவற்றை மீட்டுக்கொள்ளலாம். எமது கருவியில் முதலாம் இலக்கம் எல்லார்க்கும் பொதுவானது. மூன்றாம் இலக்கம், பகலிற் கிரிக்கெட் பார்க்கும் மகனுடையது. இரண்டாம் இலக்கமோ எம் அன்னையாருக்கென்றே அமைத்தது.

அன்னையாருக்கு எழுபது வயது கடந்து, கண்ணிலே புரை படர்ந்திருந்தது. அத்தகைய கண்ணில் வில்லை மங்குவதோடு மஞ்சளும் படிந்து, உட்செல்லும் நீல ஒளியைத் தடுத்துவிடுகின்றது. “படம் அழுக்குத் துணியால மூடினமாதிரிக் கிடக்கு, தம்பி” என்பார். ஓர் இரவு அவரை அருகில் இருத்தி, அவர் சொல்லச் சொல்ல ஒளியைக் கூட்டினோம். நிறவெப்பநிலையை 9300 கெல்வினுக்கு உயர்த்தினோம். “இப்ப நல்லாயிருக்கு” என்றார். அந்த அளவுகளை இரண்டாம் இலக்கத்திற் சேமித்தோம். அன்றுமுதல் அவர் வந்து அமர்ந்ததும் அந்த இலக்கத்தை அழுத்துவது எமது வழக்கமாயிற்று. சுவர் நீலம்பாரித்திருந்ததை நாமும் கண்டோம்; தாயாருக்காகப் பொறுத்துக்கொண்டோம். அதிலே எமக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

பின்னர் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. மங்கிய வில்லையை அகற்றித் தெளிந்த செயற்கை வில்லையைப் பொருத்தினர். சில வாரங்கள் கழித்து, நல்லூர்த் திருவிழாவின் ஒளிப்பதிவைப் பார்க்க அமர்ந்தார். நாமும் வழக்கம்போல் இரண்டாம் இலக்கத்தை அழுத்தினோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், நாரி உளைகிறதென்று எழுந்து போய்விட்டார். அதன்பின் கூடத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் இரவு எம் இல்லத்தரசியார் உண்மையைச் சொன்னார். அடுக்களையில் வைத்து அன்னையார் அவரிடம், “ஒப்பறேசன் சரிவரேல்லைப் போல கிடக்கு, பிள்ளை. சாமி காவுற ஆக்களின்ர வேட்டியெல்லாம் நீலமாத் தெரியுது. தம்பிக்குச் சொல்லாதை, இவ்வளவு செலவழிச்சவன், கவலைப்படுவான்” என்றாராம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஆயத்தமானோம். அப்போது உயர்தரம் படிக்கும் எம் மகன் ஒரு கேள்வி கேட்டான்.

“அப்பம்மா, முற்றத்துக் கொடியில காயிற வேட்டியும் நீலமோ?”

“இல்லையடா, அது பால்போல வெள்ளை. சுவரில வாறதுதான் நீலம்.”

அவன் யன்னல்களைச் சாத்திக் கருவியை இயக்கி, முதலாம் இலக்கத்தை அழுத்தினான். அன்னையார் உற்றுப் பார்த்தார். “வேட்டி வெளுத்துப் போச்சு” என்று சொல்லிச் சிரித்தார். பின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று வைத்தியரும் பார்த்துவிட்டுக் கண்ணிற் குறையில்லை என்றார்.

நடந்தது இதுதான்: நாம் கூட்டிய நீலத்தை முன்பு மஞ்சள் வில்லை தடுத்துச் சரிசெய்தது. வில்லை போய்விட்டது; நீலம் மட்டும் எஞ்சியது. இல்லாத கண்ணுக்கு நாம் நாள்தோறும் மருந்திட்டு வந்திருக்கிறோம்!

கருவி நினைவில் வைத்திருப்பது எண்களையே அன்றிப் படத்தை அன்று. சுவரின் வர்ணம் பழுப்பேறும். எமது கருவியிலுள்ளது போன்ற பாதரச விளக்கு, அதற்குக் குறித்த மணிக்கணக்கு முடியும்போது தன் ஒளியில் ஏறத்தாழப் பாதியை இழந்திருக்கும். அதே எண்கள், ஆனால் அதே படம் அன்று. ஆதலின் கருவி வைத்திருப்போர்க்கு ஒன்று சொல்வோம். ஓர் அளவை மாற்றுமுன் பழையதை வேறு இலக்கத்திற் சேமியுங்கள். எண்களை நாளும் விளக்கெரிந்த மணியும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கருவியைத் தொடக்கநிலைக்கு மீட்க நேர்ந்தாற் சேமித்தவை அழிந்துபோகவுங்கூடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, மீட்டபின் எதிரே இருப்பவரைக் கேளுங்கள்.

நாம் பொத்தானைத் தவறாமல் அழுத்தினோம், “இப்போது எப்படித் தெரிகிறது, அம்மா?” என்று ஒரு நாளேனும் கேட்டோமில்லை. கேட்டிருந்தால், ஒரு முதியவர் தம் கண் போயிற்றென்று தனிமையில் அஞ்சியிருக்கமாட்டார்.

இரண்டாம் இலக்கம் இன்றும் அவருடையதே. அவரை அருகில் இருத்திப் புதிதாகத் திருத்தினோம். கொப்பியிற் பழைய எண்களை ஒரு கோட்டால் வெட்டி, கீழே புதியவற்றை நாளிட்டு எழுதியுள்ளோம். அதன் கீழே இன்னும் சில வரிகளுக்கு இடம் விட்டிருக்கின்றோம்.