காபி கொடுத்தா அது சர்வீஸா?

பட்டுப்புடவைக் கடையில் நல்ல சர்வீஸ் கிடைச்சதுன்னு எதை வச்சுச் சொல்வீங்க? ஏசி, காபி, அம்பது புடவையைப் பிரிச்சுப் போட்ட பிறகும் சிரிக்கிற சேல்ஸ்மேன். கூகுளில் அஞ்சு ஸ்டார் வாங்க இவ்வளவு போதும். என்னைக் கேட்டா இதெல்லாம் ரெண்டாம்பட்சம். கஸ்டமருக்குத் தெரியாத உண்மையை அவங்க கேக்காமலே சொல்றதுதான் முதல் சர்வீஸ்.

என் ஊர் தாமல். சென்னையிலிருந்து பெங்களூரு போற ரோட்டில் காஞ்சிபுரத்தைத் தாண்டினதும் வரும், பெரிய ஏரி உள்ள ஊர். ஹாஸ்டலில் யாருக்கும் தாமல் தெரியாது, அதனால "காஞ்சிபுரம் பக்கம்"னு சொல்வேன். உடனே, "மச்சி, நல்ல பட்டுக்கடை ஒண்ணு சொல்லுடா"ம்பாங்க.

போன வருஷம் என் ரூம்மேட்டோட அக்காவுக்குக் கல்யாணம். அவங்க அம்மா புடவை எடுக்க வந்தாங்க. ஊருக்குள்ள நுழையும்போதே ஒருத்தர் காரை நிறுத்தி, "நெசவாளர் விலைக்கே வாங்கித் தரேன்"னு ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். அங்க ரோஸ்மில்க் கொடுத்து, நல்லா உபசாரம் பண்ணியிருக்காங்க. "இது கைத்தறியா?"ன்னு கேட்டதுக்கு, "இங்க எல்லாமே கைத்தறிதாம்மா." "பில்லில் எழுதித் தருவீங்களா?"ன்னதும், "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்மா." அம்மா எழுந்து வந்துட்டாங்க. அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

நான் அவங்களை ஒரு கூட்டுறவு சங்கக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரோஸ்மில்க் இல்லை, ஃபேன் மட்டும்தான். ஆனா அங்க இருந்த பெரியவர், அம்மா ஆசையா எடுத்த புடவையைப் பார்த்துட்டு, "கைத்தறிதாம்மா, ஆனா ஜரிகை ஆஃப் ஃபைன். அதான் விலை கம்மி. அசல் ஜரிகையையும் ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க"ன்னார். அசல் ஜரிகைன்னா சிவப்புப் பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். இன்னொரு புடவையைத் திருப்பி, உடலும் பார்டரும் சேர்ற கோர்வையைக் காட்டினார். அதை நெய்ய தறியில் கூட ஒரு ஆள் வேணுமாம். கடைசியில் முகூர்த்தத்துக்கு அசல் ஜரிகையில் ஒண்ணு, ரிசப்ஷனுக்கு அதே ஆஃப் ஃபைன் ஒண்ணு. ரெண்டும் என்னன்னு தெரிஞ்சே அம்மா வாங்கினாங்க.

இதுக்குப் பின்னாடி ஒரு பொருளாதாரம் இருக்கு. 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கார் எது, ஓட்டை கார் எதுன்னு வாங்குறவருக்குத் தெரியலைன்னா, எல்லாத்துக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாம நல்ல கார் வச்சிருக்கிறவர் சந்தையை விட்டே போயிடுவார். இதுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சது.

காருக்குப் பதிலா புடவையை வச்சுப் பாருங்க. விசைத்தறிப் புடவையைக் கைத்தறின்னு வித்தா, ஏமாந்தது கஸ்டமர் மட்டும் இல்லை. நாள்கணக்கா தறியில் உட்கார்ந்து நெய்தவருக்கும் சில மணி நேரத்தில் ஓடுற மெஷினுக்கும் ஒரே விலைன்னு ஆகுது. அப்புறம் அவர் பிள்ளை ஏன் தறியில் உட்காரணும்? காரை நிறுத்திக் கூட்டிட்டுப் போறவரோட கமிஷனும் கஸ்டமர் தலையிலதான் விழும். அதில் ஒரு ரூபாய்கூட நெசவாளருக்குப் போகாது.

நீங்க புடவை எடுக்கப் போனா மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒண்ணு, சில்க் மார்க் இருந்தா அது சுத்தப் பட்டு, அவ்வளவுதான். கைத்தறியான்னு அது சொல்லாது. அதுக்குக் கைத்தறி முத்திரை தனியா இருக்கு. ரெண்டு, ஜரிகை எந்த வகைன்னு வாய்விட்டுக் கேளுங்க. மூணு, சொன்னதை எல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராம இருக்கிறதே முறையற்ற வணிகம்.

நம்மில் பாதிப் பேர் நாளைக்கு யாருக்காவது எதையாவது விக்கிற கம்பெனியில்தான் வேலை பார்க்கப் போறோம். ஆப்போ, சாஃப்ட்வேரோ, எதுவானாலும் அதோட உள்விவரம் நமக்குத் தெரியும், கஸ்டமருக்குத் தெரியாது. ஆஃப் ஃபைனை ஆஃப் ஃபைன்னு சொல்ற தைரியம் அங்கயும் தேவைப்படும்.