பார்த்துச் சொல்வதும் வேலைதான்

கோவை சத்தி ரோட்டில் கணபதியைச் சுற்றியுள்ள சந்துகளில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அவற்றுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் விசாரித்து வந்து சேரும் இடம். வேலை பார்ப்பவர் அறுபதைக் கடந்தவர். தொழில் பழகும் பையன்கள் இருவர் உடன் இருக்கிறார்கள். பழைய எஞ்சினில் ஆயில் பிரஷர் விழுவதையும், ஊற்றிய ஆயில் காணாமல் போவதையும் அவர் எப்படித் துப்பறிகிறார் என்று பார்க்கத்தான் போனேன்.

அன்று குழியின் மேல் நின்றது ஓர் அம்பாசடர் மார்க் 4. பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைத்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், இந்த எஞ்சினுக்கு உதிரிபாகமும் வேலை தெரிந்த கையும் இன்னும் கிடைக்கின்றன. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எஞ்சின் சூடாகி சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது. அடிக்கடி ஆயில் வாங்கி ஊற்ற வேண்டியிருக்கிறது. வேறொரு இடத்தில் காட்டியபோது பானட்டைத் திறந்து பார்த்த கையோடு, "எஞ்சின் வேலை செஞ்சாகணும்" என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள்.

"லைட் எரியுதுன்னா லைட் எரியுது, அவ்வளவுதானுங்க சார். பிரஷர் இல்லைன்னு முடிவு கட்ட இன்னும் நேரம் இருக்குதுங்க" என்றார் மெக்கானிக். பிரஷர் குறைவது ஒன்று, ஆயில் குறைவது இன்னொன்று. இரண்டும் ஒரே காரணத்தால் வரலாம், வராமலும் போகலாம். தனித்தனியாகத் தேட வேண்டும் என்பது அவர் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்.

டிப் ஸ்டிக்கில் தொடங்கினார். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் முழுக்கச் சம்புக்கு இறங்கிய பிறகே உருவினார். அளவைப் பார்த்ததோடு விடவில்லை. நுனியில் நின்ற சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார், மோந்து பார்த்தார், பிறகு பையனிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை அடித்தால், எஞ்சினோடு சேர்ந்து ஓடும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பில் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படி இறங்கும் பெட்ரோல் ஆயிலை நீர்க்கச் செய்து பிரஷரைக் கெடுக்கும். டிப் ஸ்டிக்கிலோ அளவு ஏறிக் காட்டும். ஆயில் வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அளவு அடிக்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். லைட் எரிய அதுவே போதும். இந்த வண்டியில் வாடையும் இல்லை, வெளுப்பும் இல்லை. அளவு மட்டும் சற்றுக் குறைவு.

அடுத்து கேஜ். பிளாக்கில் இருந்த ஆயில் சுவிட்சைக் கழற்றி, அதே ஓட்டையில் ஹோஸ் வைத்த மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தினார். ஸ்டார்ட் செய்ததும் முள் 60 பவுண்டைத் தொட்டது. "இது கணக்குல சேராதுங்க. பச்சை எஞ்சின்ல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" என்றார். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் முள் ஏறத்தான் செய்யும். தண்ணீர் சூடானாலும் ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். அதனால் வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்தார்கள். பிறகு பையனை ஆக்சிலரேட்டரில் உட்கார வைத்துப் படித்தார்: 2000 சுற்றில் 45 பவுண்டு, ஐட்லிங்கில் 20. ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டு இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. இந்த வண்டி தாராளமாகத் தேறிவிட்டது.

ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். பிரஷரை உண்டாக்குவது போகிற வழியின் இறுக்கம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுவதும் இதனால்தான். எஞ்சினில் அந்த விரலின் வேலையைச் செய்பவை பேரிங்குகள். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒன்றிரண்டு தௌதான் இடைவெளி. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளி இரண்டு மடங்கானால், அதே பிரஷரில் அதே ஆயில் எட்டு மடங்கு ஒழுகும். பேரிங் கொஞ்சம் தேய்ந்தாலே பிரஷர் மளமளவென்று விழுவதன் ரகசியம் இதுதான். 20W-40 ஊற்ற வேண்டிய வண்டிக்கு அதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றினால் முள் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

கழற்றிய சுவிட்சை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஒயர் மாட்டும் முனையைச் சுற்றி ஆயில் ஈரம். உள்ளே டயஃப்ரம் போய்விட்டது. தவறான செய்தி சொன்னதும் அதுதான், ஆயில் ஒழுகிய வழிகளில் ஒன்றும் அதுதான்.

மற்ற வழிகளைக் கண்டுபிடிக்க எஞ்சினை டீசலால் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவைத்து, மேலே டால்கம் பவுடரைத் தூவினார்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கசிவு கறுப்புக் கோடாக இறங்கியிருந்தது. கோட்டைப் பிடித்து மேலே போக வேண்டும். காற்று பின்பக்கம் அடித்துக்கொண்டு போவதால் சொட்டும் இடம் வேறு, புறப்படும் இடம் வேறு. கோடு மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் டேப்பெட் கவரில் போய் முடிந்தது. முன்கவரில் உள்ள பிரீதர் குழாயைக் கழற்றினால், உள்ளே கசடு இறுகி அடைத்திருந்தது. எஞ்சினுக்குள் சேரும் காற்றுக்குப் போக வழியில்லாததால், அது பேக்கிங் வழியே ஆயிலை வெளியே தள்ளியிருக்கிறது. பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி ஒழுகியிருக்கும். கிராங்கின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையாது; கிராங்கில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்புகிறது. அங்கே ஓரிரு சொட்டு விழுவதை அவர் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஆயில் எரிகிறதா என்பதையும் விடவில்லை. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வ் கைடு; இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். கம்ப்ரஷன் கேஜில் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டின. ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாராம். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

எல்லா வண்டிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஓரமாக நின்ற பத்மினியில், சூடான ஐட்லிங்கில் முள் ஐந்து பவுண்டுக்கும் கீழே போனதாம். ரிலீஃப் வால்வையும் ஸ்பிரிங்கையும் பார்த்து, சம்பை இறக்கி ஸ்டிரெயினரையும் பார்த்த பிறகே பேரிங்கில் கை வைத்திருக்கிறார். அந்தக் கன்ராடு பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய உட்புறத்தில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்கில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் கோடுகளில் தட்டித் தட்டி நின்றது. கிராங்க் லேத்துக்குப் போகும். கோடு போகும் அளவுக்குப் பத்து தௌவோ இருபது தௌவோ கிரைண்டு செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். இது எஞ்சின் வேலை. ஆனால் தேவை என்று நிரூபணமான எஞ்சின் வேலை.

அம்பாசடருக்கான பில்லில் சுவிட்ச், பேக்கிங், ஆயில், மாட்டிய கூலி ஆகியவை இருந்தன. கேஜ் வைத்து, ஓட்டி, பவுடர் தூவித் தேடிய நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டேன். "பாத்ததுக்குக் காசுன்னா யாருங்க குடுப்பாங்க?" என்றார்.

இதை நாம் மாற்ற வேண்டும். ஸ்பேனர் திரும்பினால்தான் கூலி என்று நாமே வைத்திருக்கும்போது, பார்க்காமலே எஞ்சினை இறக்கச் சொல்பவர் பிழைக்கிறார், பொறுமையாகப் பார்த்து இறக்க வேண்டாம் என்பவர் நஷ்டப்படுகிறார். இந்தப் பையன்களும் எதைக் கற்றால் வீட்டுக்குக் காசு போகிறதோ அதைத்தான் கற்பார்கள். ஓடும்போது ஆயில் லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது, சூடான எஞ்சினில் பிரஷர் எவ்வளவு, கசிவு எங்கே, கம்ப்ரஷன் எவ்வளவு என்று மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தருவதற்கென்று தனியாக ஒரு கூலி பேசி, எஞ்சின் வேலை இல்லை என்று தெரிந்தாலும் அதைக் குறைக்காமல் கொடுங்கள்.