கந்தலும் காகிதமும்

கையால் குறிப்பேடு செய்வதைப் பலரும் பொழுதுபோக்கு என்றே எண்ணுகின்றனர். "ஆய்வேட்டை முடிக்காமல் துணி ஒட்டிக்கொண்டிருக்கிறாயே" என்று என்னை உரிமையோடு கடிந்துகொண்டவர்களும் உண்டு. ஜெய்ப்பூரில் தங்கி, அச்சுத்துணித் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்துவரும் இந்த 3 ஆண்டுகளில் 7 குறிப்பேடுகள் செய்திருக்கிறேன். அவை என் ஆய்வுக்கு வெளியே நிற்பவை அல்ல என்பதைச் சொல்லவே இப்பதிவு.

ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் இரு தொழில்கள் அருகருகே நடக்கின்றன. ஒன்று, மரக்கட்டை அச்சால் துணியில் பூ பதிப்பது. மற்றொன்று, காக்ஸி சமூகத்தார் வழிவழியாகச் செய்துவரும் கைக்காகிதம். அவர்களுடைய பெயரே காகிதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். தையற்கூடங்களிலும் பனியன் ஆலைகளிலும் கழியும் பருத்தித் துண்டுகளை நறுக்கி, நீரில் அரைத்துக் கூழாக்கி, வலைச்சட்டத்தில் அள்ளி, அழுத்தி உலர்த்துகிறார்கள். துணியின் மறுபிறப்பே அங்கே காகிதம். கைக்காகிதத்துக்கான தேசிய நிறுவனம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் பெயரைத் தாங்கி அதே ஊரில் நிற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அவர். அச்சங்கம் மீட்க முனைந்த தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று.

குறிப்பேடு செய்யத் தொடங்கிய பிறகே இப்பொருள்களின் இயல்பு விரல்களுக்குப் புலப்பட்டது. ஆலைக் காகிதத்துக்கு இழைப்போக்கு உண்டு. தடித்த தாளை அதற்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும். கைக்காகிதத்தில் இழைகள் பல திசைகளிலும் படிவதால் அத்தொல்லை குறைவு. துணியைப் பாவும் ஊடையும் நேராக நிற்கும்படி வெட்டவேண்டும். கோணலாக வெட்டினால் பசை பட்டதும் இழுபடும். துணியின் பின்புறம் மெல்லிய தாள் ஒட்டிவிட்டால் பசை மேலே கசியாது. நான்கு தாள்களைச் சேர்த்து மடித்தால் ஒரு கட்டு. அத்தகைய எட்டுக் கட்டுகளைக் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் கோத்துத் தைக்கிறேன். இப்போதெல்லாம் ராஜஸ்தான் வணிகர்களின் சிவப்புத் துணி உறையிட்ட பழைய பஹிக் கணக்கேடு கையில் கிடைத்தால், எழுத்துக்கு முன் தையலைப் பார்க்கிறேன். எங்கே தாள் கிழித்தெடுக்கப்பட்டது, எது பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பதற்கான தடயம் பலவேளை நூலில்தான் இருக்கிறது.

ஆயினும் இவ்வேலையின் தேவையை எனக்கு உணர்த்தியவர் ஒரு முதிய அச்சுத் தொழிலாளர். ஆய்வு நெறிப்படி, தகவலாளர்களின் பெயரை மறைத்து எண் இடுகிறோம். என் இயல் ஒன்றை அவருக்கு இந்தியில் சொல்லிக்காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரி மகளே, இதில் நான் எங்கே?" என்றார். பாதுகாப்புக்காகவே பெயரை விட்டிருக்கிறோம் என்று விளக்கினேன். "ஐம்பது ஆண்டு வேலை செய்தவனுக்கு ஒளிய என்ன இருக்கிறது?" என்றார்.

அடுத்த வாரம் அவரே ஒரு துணித்துண்டு தந்தார். அச்சு மேசையில் விரிப்பாகக் கிடந்து, பல மாதச் சாயமும் பூக்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊறிய துணி, விலைபோகாதது. அதை அட்டையாக்கி இரண்டு ஏடுகள் தைத்தேன். அவர் சொன்ன சாயக் கலவைகளை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தச் சாயம் ஏறிய துணியைத் தைத்துவைத்தேன். முதல் தாளில் அவர் தம் பெயரை எழுதினார். ஓர் ஏடு அவர் வீட்டில் இருக்கிறது; மற்றொன்று என்னிடம்.

பெயர் மறைக்கும் நெறியை நான் மறுக்கவில்லை. அது பலரைக் காக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் தரும் ஆய்வேடு அறிவைத் தந்தவர் கைக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் அவரால் அதில் தம்மைக் காண முடிவதில்லை. அவர் வைத்துக்கொள்ளவும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவும் ஏற்ற இன்னோர் ஏட்டுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். களப்பணிக்குப் புறப்படும் நண்பர்கள் ஊசியும் நூலும் உடன் கொண்டுசெல்லுங்கள். தையலைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.