நூற்றில் ஐந்து ரூபாய்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மாதச் செலவுக் கணக்கில் அரிசி, பால், வாடகை என்ற வரிசையில் இன்று கைப்பேசிக்குக் கட்டும் பணமும் சேர்ந்துவிட்டது. ரயில்வே குமாஸ்தாவாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. நம் இல்லத்தில் இருந்தது ஒரே கைப்பேசி. மாதக் கடைசியில் ஒருநாள், கணக்குப் பாடத்தின் நடுவே இணையம் தீர்ந்துவிட்டது. “சம்பளம் வரட்டும், அம்மா” என்றோம் மகளிடம். அவள் மறுமொழி கூறாமல் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வங்காள அம்மையாரின் வாசற்படியில் போய் அமர்ந்தாள். அவ்வம்மையார் தம் கைப்பேசியைக் கொடுத்து உதவினார். நாம் நாணித் தலைகுனிந்தோம்.

மாதச் சம்பளம் பெறும் நமக்கே இந்நிலை. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் நம் தம்பி மகளோ, ‘டவர்’ கிடைக்கும் இடம் தேடிக் கண்மாய்க் கரைமேல் நின்று பாடம் கேட்டாள்.

ஏழைக்கும் எட்டும் விலையில் இணையம் தர யார் பணம் போடுவது? 2018-இல் ஐக்கிய நாடுகளின் அகல அலைவரிசை ஆணையம், வளரும் நாடுகளில் அடிப்படை இணையக் கட்டணம் ஒருவரின் சராசரி மாத வருமானத்தில் நூற்றுக்கு இரண்டுக்குள் அடங்கவேண்டும் என இலக்கு வகுத்தது. இலக்கு நன்று, முதல் வேண்டுமே!

நன்கொடையை நம்பலாமா? கூகுள் நிறுவனம் ரயில்வேயின் ரெயில்டெல்லுடன் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் இலவச இணையம் தொடங்கியது. 2018-க்குள் 400 நிலையங்களை எட்டியது. எர்ணாகுளம் நிலையத்துச் சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர் அதன் துணையால் படித்துக் கேரள அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறினார். ஆயின் 2020-இல் அந்நிறுவனம் விலகத் தொடங்கியது. தண்டவாளத்தை ஒட்டித் தன் சொந்தக் கண்ணாடி இழைக் கம்பிகளை உடைய ரெயில்டெல் இருந்தமையால் அப்பணி நிற்கவில்லை. ஆனால் 2021 முதல், அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டுவோர் பணம் கட்டவேண்டியதாயிற்று. கொடையாளர் மனம் மாறலாம். பொதுச் சொத்தே நிலைத்து நிற்கும்.

அத்தகைய பொதுநிதி ஒன்று நம்மிடம் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து வீதம் அதற்காகப் பெறப்படுகிறது. 2002 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள அந்நிதிக்கு 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ எனப் பெயரிட்டது. நிறுவனங்கள் கட்டினும், மூலப்பணம் நம் போன்றோர் கைப்பேசிக்குக் கட்டுவதே அன்றோ? ஆகவே அது தருமம் அன்று; நம் உரிமை.

2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம், இந்நிதியைக்கொண்டு ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கம்பி இழுக்க எழுந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் இதில் அடங்கும். கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வந்தால் போதாது. அங்கிருந்து பள்ளிக்கும் வீட்டுக்கும் வரவேண்டும். பழுதானால் சீர்செய்ய ஆளும் வேண்டும். வாய்க்கால் வெட்டாத கண்மாயால் வயலுக்கு என்ன பயன்?

அன்பர்களே, கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் மே 1-ஆம் நாள் கிராம சபைக்குச் செல்லுங்கள். “நம் ஊர்ப் பள்ளிக்கு இணையம் வந்ததா?” என உறவினரைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள். நாமும் தம்பிக்கு எழுதிவிட்டோம். அவன் மகள் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்கும் நாளே நம் ஐந்து ரூபாய்க்குக் கணக்குத் தீரும் நாள்.