பேராவூரணிக்குப் போன லாரி

பட்டுக்கோட்டையிலிருந்து தென்மேற்கே செல்லும் பாதையில் பேராவூரணியை நெருங்க நெருங்க, நெல்வயல்கள் ஒதுங்கித் தென்னந்தோப்புகள் இருமருங்கும் வந்து நிற்கும். சோழவளநாட்டின் கடைமடை இது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு பிறந்த கல்லணைக் கால்வாயை மக்கள் புதாறு என்பர். அதன் நீர் மேலூர்களையெல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியாகத்தான் இங்கு எட்டிப் பார்க்கும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஆகவே ஏரியையும் தென்னையையும் நம்பி வாழக் கற்றவர்கள் இப்பகுதியினர். பிள்ளையின் படிப்பு, பெண்ணின் திருமணம், திருவிழா வரி எல்லாம் தேங்காய் விலையைப் பொறுத்தவை.

2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் இத்தோப்புகளைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிட்டது. அடுத்த வாரம், எங்கள் பங்கு மக்கள் மனமுவந்து அளித்த பொருள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, இளைஞர் சிலரோடு நானும் புறப்பட்டேன். முக்கால் லாரி துணிமணிகள். செபமாலை சொல்லிக்கொண்டே சென்றோம். நற்காரியம் செய்கிறோம் என்ற பூரிப்பு எனக்கு நிறையவே இருந்தது.

உபதேசியார் ஒருவர் எங்களைச் சிற்றூர் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கூரை பறந்துபோன வீட்டின் முன் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் இரண்டு சேலைகளை நீட்டினேன். கைகூப்பி வாங்கிக்கொண்டவர், சற்றுத் தயங்கி, "சாமி, முந்தாநேத்தும் சீலைதான் குடுத்தாங்க, நேத்தும் சீலைதான். ராவுல மழை பேஞ்சா புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒக்கார எடமில்ல. தார்ப்பாய் இருக்குங்களா?" என்றார்.

எங்களிடம் ஒரே ஒரு தார்ப்பாய் இருந்தது; துணிமூட்டைகள் நனையாதபடி லாரியின் மேல் போர்த்தியது. அதை அவிழ்த்து அவர் வீட்டின் மேல் கட்டினோம். திரும்பும் வழியில், யார் யாரோ இறக்கிப்போட்ட பழந்துணிகள் சாலையோரத்தில் மழையில் ஊறிக் கிடந்தன. அவற்றைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

புனித சின்னப்பர் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் தொடக்கத்திலேயே அவர்களுக்காக மன்றாடுகிறார். அவர்களுடைய அன்பு பெருகவேண்டும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அறிவிலும் பகுத்துணர்விலும் அது வளரவேண்டும், சிறந்தது எதுவென அவர்கள் தேர்ந்து தெளியவேண்டும் என்று கேட்கிறார். மூன்றாண்டுக்கொருமுறை திருவருகைக்கால இரண்டாம் ஞாயிறன்று வாசிக்கப்படும் பகுதி. நானும் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் புறப்படுமுன் அந்த உபதேசியாரைத் தொலைபேசியில் அழைத்து, "என்ன வேண்டும்?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே!

அன்று மாலை வேறொரு சோதனை. சாய்ந்த மரங்களிடையே நின்ற குடியானவர் ஒருவர், நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடட்டுமா என்று என்னிடம் கேட்டார். வெட்டி அகற்றும் கூலி உட்பட மரமொன்றுக்கு அரசு அறிவித்தது 1,100 ரூபாய். நெட்டை இரகக் கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். விற்காதீர் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மனம் இருண்டிருக்கும் வேளையில், முன்பு செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்று புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் கூறுவது மட்டுமே நினைவுக்கு வந்தது. "பொங்கல் வரை பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. சேலை கொடுத்ததுபோலவே இதையும் கொடுத்துவிட்டேனோ என்ற கலக்கத்தோடு ஊர் திரும்பினேன்.

பிறகு ஒருமுறை அவ்வழியே சென்றபோது பேராவூரணிப் பெரியகுளத்தின் கரையில் இறங்கி நின்றேன். 564 ஏக்கர் பரப்புள்ள ஏரி. நிவாரணப் பணியில் இறங்கிய இளைஞர்கள், இப்பகுதியின் நிலையான தேவை நீரே என்று கண்டு, 'கைஃபா' என்னும் கடைமடை விவசாயிகள் அமைப்பின் வழியே, மக்கள் தந்த நன்கொடையைக் கொண்டு 2019-இல் இதைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தினர். அரிசி மூட்டை வழங்குவதைவிட இதில் புகைப்படமும் நன்றியும் தாமதமாகத்தான் கிடைக்கும்.

அந்தக் குடியானவரையும் கண்டேன். அரை ஏக்கரை விற்றுக் கடனை அடைத்திருந்தார். மீதியில் தென்னங்கன்றுகள், ஊடே உளுந்து. என் யோசனை பலித்ததென நான் மகிழ்வதற்குள் அவரே சொன்னார்:

"சாமி சொன்னதுக்காக மட்டுமில்ல. பொங்கல் வரைக்கும் பொறுத்துப் பார்த்ததுல, பெரியவ நோட்டை எடுத்து வச்சுக் கணக்குப் போட்டுக் காட்டுனா. அதுவரைக்கும் அவள நான் ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க."